மூடுபனியிலும் எரியும் சோலார் இரவு விளக்கு: கொடைக்கானல் மலை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சோலார் விளக்கு செய்யலாம் என்று உட்கார்ந்தால், பேனல் எத்தனை வாட் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் சூரியனின் முகமே தெரியாது. மற்ற மாதங்களிலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து ஊரை மூடிவிடும். சமவெளிக்காகச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே எடுத்துக் கட்டினால், கரண்ட் போகும் அந்த மழை மாதத்தில்தான் விளக்கு அணைந்து கிடக்கும். 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் சாய்ந்து மலை இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த மாதிரி நாட்களில் எரியும் விளக்கு.

அதற்கு வழி, வெளிச்சத்தில் ஆசையைக் குறைத்து பேட்டரியில் தாராளமாக இருப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

இரவு விளக்கின் வேலை என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மலை வீடுகள் பலவற்றில் கழிப்பறை இன்னும் வெளியே, பின்கட்டில்தான் இருக்கிறது. ராத்திரி எழுந்து போகிறவர்களுக்குப் படி தெரிய வேண்டும், கதவின் தாழ்ப்பாள் தெரிய வேண்டும், முற்றத்தில் காட்டுமாடு நிற்கிறதா என்று கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியாகப் பார்க்க உள்ளே கண் கூசாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இரண்டு அளவு வெளிச்சத்தைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது, மங்கலானதைத்தான் கையில் எடுத்தார். "படி தெரிஞ்சாப் போதும்பா, நான் என்ன பேப்பரா படிக்கப் போறேன்?" என்றார். இந்த விளக்குக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

5 மில்லிமீட்டர் அளவுள்ள, வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஒன்று போதும். அதன் வழியே சுமார் 5 மில்லிஆம்ப் மட்டும் ஓடவிடுவோம். கடைக்காரர் 20 மில்லிஆம்ப் தாங்கும் என்பார். தாங்கும், ஆனால் நமக்குத் தேவையில்லை. முழு இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 5 மில்லிஆம்ப் வெளிச்சத்தில் ஒரு சிறிய அறை நன்றாகவே தெரியும். பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி.யைத் தவிர்த்துவிடுங்கள். அதில் நீல ஒளி அதிகம், தூக்கம் கலையும், பூச்சியும் கூடுதலாக வரும்.

கணக்கு

5 மில்லிஆம்ப், 12 மணி நேர இரவு. ஆக ஒரு ராத்திரிக்கு 60 எம்ஏஎச் (மில்லிஆம்பை மணி நேரத்தால் பெருக்கி வரும் அளவு, பேட்டரியின் கொள்ளளவையும் இதில்தான் சொல்வார்கள்). சுற்றில் மற்ற சில்லறைச் செலவையும் சேர்த்து 65 என்று வைத்துக்கொள்வோம். 2000 எம்ஏஎச் பேட்டரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, பேனலிலிருந்து துளிகூட ஏறவில்லை என்றாலும் இரண்டு வாரம் ஓடும்.

உண்மையில் துளிகூட ஏறாத பகல் கிடையாது. 0.5 வாட், 6 வோல்ட் பேனல் நல்ல வெயிலில் சுமார் 80 மில்லிஆம்ப் தரும். அடர்ந்த மூடுபனியில் அதில் பத்தில் ஒரு பங்கு, 8 மில்லிஆம்ப் என்று எடுத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் 64 எம்ஏஎச். மெதுவாக ஏற்றும்போது பேட்டரிக்குள் முழுவதும் தங்காது, மூன்றில் இரண்டு பங்கு தங்கும். அதாவது 40-ஐ ஒட்டி. 65 போகிறது, 40 வருகிறது, ஒரு நாளைக்குத் துண்டு விழுவது வெறும் 25. ஒரு மாதம் முழுக்க மூடியே கிடந்தாலும் பேட்டரி காலியாகாது. நடுவில் ஒரே ஒரு நாள் வெயில் அடித்தால் பத்து நாள் துண்டை அது ஈடுகட்டிவிடும்.

அப்படியானால் ஏன் பெரிய பேனலாகவே போட்டுவிடக் கூடாது? போடலாம், ஆனால் அப்புறம் சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு தனிச் சுற்று வேண்டியிருக்கும். 2000 எம்ஏஎச் பேட்டரிக்கு 80 மில்லிஆம்ப் என்பது அதன் கொள்ளளவில் 25-இல் ஒரு பங்கு. பேட்டரி நிரம்பிய பிறகும் இந்தச் சின்ன அளவு தொடர்ந்து ஏறினால் லேசான சூடாகக் கழிந்துவிடும், பெரிய சேதம் வராது. மாசி, பங்குனி வெயிலில் பேட்டரியின் ஆயுள் கொஞ்சம் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பழுதாக வாய்ப்புள்ள ஒரு பாகம் குறைகிறதே, அதற்கு அந்த விலை தகும்.

வாங்க வேண்டியவை

பேட்டரியில்தான் கவனம் வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவிலான பென்சில் செல், ஆனால் சார்ஜ் ஏறும் வகை: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட், 2000 எம்ஏஎச், ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று. பாக்கெட்டில் 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் நல்லது, சும்மா கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காத வகை அது. 3000, 4000 எம்ஏஎச் என்று அச்சடித்த மலிவான செல்லை நம்பாதீர்கள். இந்த அளவு செல்லில் அவ்வளவு கொள்ளாது. நல்ல செல் கையில் எடுத்தாலே கனமாக இருக்கும். தராசில் 25 கிராமுக்கு மேல் நிற்கும்.

சாதாரண 1.5 வோல்ட் செல்லை இதில் ஒருபோதும் போடக் கூடாது. சார்ஜ் ஏற்றினால் கசியும், வெடிக்கவும் செய்யும். இப்போது யு.எஸ்.பி. ஓட்டையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல்லும் ஆகாது. அது தன் ஓட்டை வழியாக மட்டுமே சார்ஜ் ஏறும்.

லித்தியம் பேட்டரியே ஏன் வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளுக்குள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். மார்கழி, தை விடியலில் ஏரிக்கரைப் புல்வெளியிலும் மன்னவனூர்ப் பக்கமும் உறைபனி படிகிற ஊர் இது. இன்னொன்று, லித்தியத்துக்கு மிகை சார்ஜைத் தடுக்க ஒரு காவல், அடியோடு காலியாவதைத் தடுக்க ஒரு காவல் என்று சுற்றுகள் தேவைப்படும். மூன்று நிக்கல் செல்லோடு வெள்ளை வகை எல்.இ.டி.யைச் சேர்த்தால் இரண்டாவது காவல் தானாகவே அமைந்துவிடுகிறது. செல்கள் இறங்க இறங்க விளக்கு மங்கும். மொத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது எல்.இ.டி. ஏறக்குறைய மின்சாரம் இழுப்பதையே நிறுத்திவிடும். செல்கள் ஒட்ட வறண்டு போகாது. இதே காரணத்தால் சிவப்பு, ஆம்பர் நிற எல்.இ.டி.யை இங்கே மாற்றிப் போடாதீர்கள். அவை 2 வோல்ட்டிலேயே எரியும், செல்களைக் கடைசிவரை உறிஞ்சிவிடும்.

மற்றவை எல்லாம் சில்லறை. பேனல் 0.5 வாட், 5.5 அல்லது 6 வோல்ட். 5 வோல்ட் பேனல் வேண்டாம், மூன்று செல் நிரம்பும் தறுவாயில் அதற்கு மூச்சு முட்டும். முகப்பு கண்ணாடியாக இருந்தால் நல்லது. பிசின் பூசிய பேனல்கள் வெயிலில் மஞ்சளாகிவிடும். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நாம் இருப்பது 2000 மீட்டருக்கு மேல். 1என்5819 டையோடு ஒன்று, பிசி557 டிரான்சிஸ்டர் ஒன்று. ரெசிஸ்டர் மூன்று: 10 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு), 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), 150 ஓம் (பழுப்பு, பச்சை, பழுப்பு). மூன்று செல் போடும் ஹோல்டர், ஒரு சின்ன சுவிட்ச், டாட் போர்டு (பாகங்களைச் செருகிப் பற்றவைக்கும் துளைப் பலகை) ஒரு துண்டு, இரண்டு கம்பி வயர் ஐந்து மீட்டர். வயர் வெளியில் போட ஏற்றதாக இருக்கட்டும். மலையில் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கும்போது எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் சீட்டைக் கொடுத்தால் போதும். சென்னையில் இருப்பவர்களிடம் சொன்னால் ரிச்சி தெருவில் அரை மணி நேர வேலை.

இணைப்பு

சால்டரிங் அயனைச் சூடேற்றுவதற்கு முன், பாகங்களை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஒருமுறை கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டையோடில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடு இல்லாத முனைக்குப் பேனலின் சிவப்பு வயர். கோடு உள்ள முனை செல் ஹோல்டரின் சிவப்புக்கு. பகலில் மின்சாரம் பேனலிலிருந்து செல்லுக்குப் போகும், இரவில் செல்லிலிருந்து பேனலுக்குத் திரும்பி ஓடாமல் டையோடு தடுக்கும். பேனலின் கறுப்பும் ஹோல்டரின் கறுப்பும் நேராகச் சேரும்.

பிசி557-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு எண் டிரான்சிஸ்டர் கொடுத்தால் கால் வரிசை மாறும், 2என்3906-இல் இது அப்படியே தலைகீழ். எமிட்டரை ஹோல்டரின் சிவப்போடு சேருங்கள். பேஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேனலின் சிவப்புக்கு, அதாவது டையோடுக்கு முந்தைய பக்கத்துக்குப் போங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பேனலின் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே உட்காரும். கலெக்டரிலிருந்து 150 ஓம், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக் கால். குட்டைக் கால் சுவிட்ச் வழியாக ஹோல்டரின் கறுப்புக்கு.

இது வேலை செய்யும் விதம் எளிது. பகலில் பேனலின் வோல்ட்டேஜ் செல்லைவிடச் சற்று மேலே நிற்பதால் பேஸ் உயர்ந்திருக்கும், டிரான்சிஸ்டர் மூடியிருக்கும். இருட்டியதும் பேனல் செத்துவிடும், 10 கிலோ ஓம் அந்த முனையைக் கீழே இழுக்கும், டிரான்சிஸ்டர் திறக்கும், விளக்கு எரியும். ஆக பேனலே வெளிச்சம் பார்க்கும் கண்ணாகவும் ஆகிறது, தனி சென்சார் தேவையில்லை. பேஸில் போட்ட அந்த 1 கிலோ ஓம் இல்லாமலும் விளக்கு எரியும் என்பதால் பலர் விட்டுவிடுவார்கள். நம் ஊரில் விடக் கூடாது. வெளியே வயர் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி பேனலின் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால், அந்த ரெசிஸ்டர் ஒன்றுதான் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும்.

சால்டரிங்கில் ஒரு விஷயம்: குளிர் காலையில் திறந்த ஜன்னலருகே உட்கார்ந்து பற்ற வைத்தால் ஈயம் ஓடாமல் உருண்டையாக நிற்கும். அயன் முனையைக் காலிலும் போர்டின் செம்பு வளையத்திலும் ஒரே சமயத்தில் இரண்டு விநாடி வைத்து, அந்த இடம் சூடான பிறகு ஈயக் கம்பியை மறுபக்கத்திலிருந்து தொடுங்கள். சரியாகப் பிடித்த இடம் பளபளப்பாக, காலைச் சுற்றி மேலேறிச் சரிந்து நிற்கும். மங்கிய சாம்பல் நிறத்தில் குமிழாக உட்கார்ந்திருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள், இல்லையென்றால் முதல் மழை மாதத்திலேயே அது விட்டுப்போகும்.

சோதனை

செல்களைப் போடுமுன் பேனலை மட்டும் வெயிலில் வைத்து மல்டிமீட்டரால் பாருங்கள். ஆறு வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். பிறகு மீட்டரை 200 மில்லிஆம்ப் அளவுக்கு மாற்றிப் பேனலின் இரு முனைகளிலும் நேராக வையுங்கள். இவ்வளவு சிறிய பேனலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 70, 80 வந்தால் சரி. 30-தான் வருகிறது என்றால் வாட் கணக்கில் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், மாற்றி வாங்குங்கள். இதே அளவை ஒரு மூடுபனி நாளிலும் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் 8-க்குப் பதிலாக உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

அடுத்து செல்களைப் போட்டு, சுவிட்சை ஆன் செய்து, பேனலைத் தடிமனான கறுப்புத் துணியால் மூடுங்கள். விளக்கு எரிய வேண்டும். துணியை எடுத்ததும் அணைய வேண்டும். மழைக்கருக்கலில் பகலிலேயே எரிகிறது என்றால் 10 கிலோ ஓமை 15 ஆக்குங்கள், இன்னும் இருட்டிய பிறகுதான் எரியும்.

பேனலுக்கு இடம்

மலையில் காலைதான் வெயில். சூரியனைப் பார்க்கவென்றே 1899-இல் வானாய்வகம் அமைத்த ஊர் இது. ஆனாலும் நமக்கு நம்பகமான வெயில் பெரும்பாலும் எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரைதான். அதனால் பேனலைத் தென்கிழக்கு பார்க்க வையுங்கள். நாம் இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில். டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேராக இல்லாமல் சுமார் 34 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஜூனில் 13 பாகை வடக்கே போய்விடும். வெளிச்சத்துக்குத் தட்டுப்பாடு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை என்பதால் தெற்குப் பக்கச் சாய்வே நமக்கு லாபம். 20 பாகை சாய்த்தால் மழைநீரும் தானே வழிந்து முகத்தைக் கழுவிவிடும்.

நிழல்தான் பெரிய எதிரி. பேனலுக்குள் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு சீகை இலைக்கொத்து ஒரே துண்டை மூடினாலும் மொத்த வரிசையிலும் மின்சாரம் விழுந்துவிடும். காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் போய்ப் பாருங்கள், பைன், தைல மர நிழல் எங்கே விழுகிறது என்று. தகரக் கூரையில் ஓட்டை போடாதீர்கள். ஓட்டை வழியே ஒழுகும் தண்ணீர் விளக்கைவிடச் செலவு வைக்கும். கூரை விளிம்புக்குக் கீழே சுவரில் ஒரு சிறிய கம்பித் தாங்கி அடித்தால் போதும். உயரமான கம்பத்தில் மட்டும் ஏற்ற வேண்டாம், சித்திரை இடியும் ஐப்பசி இடியும் இங்கே சும்மா விடாது.

பேனல் மட்டும் வெளியே. செல், போர்டு, விளக்கு எல்லாம் வீட்டுக்குள். கடையில் விற்கும் தோட்ட விளக்குகள் பேனலையும் செல்லையும் ஒரே தலையில் வைத்துக் குளிரிலும் ஈரத்திலும் நனையவிடுகின்றன, அதனால்தான் அவை இங்கே நிலைப்பதில்லை. வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில், நுழைவாயிலைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். குரங்கு நடமாட்டம் உள்ள இடமென்றால் வயரை பி.வி.சி. குழாய்க்குள் விட்டுவிடுங்கள். தொங்கும் எதையும் அவை இழுத்துப் பார்க்காமல் போகாது.

விளக்குக்குக் கூடு என்று தனியாக எதுவும் வேண்டாம். ஜாம் பாட்டிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ எடுத்து, உட்புறம் பட்டர் பேப்பர் ஒரு சுற்று வைத்து, மூடியில் எல்.இ.டி.யைப் பொருத்துங்கள். மூடியில் சிறு துளை இரண்டு போட்டுவிடுங்கள். காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே வியர்த்துக் கால்கள் துருப்பிடிக்கும்.

பராமரிப்பு

புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை எல்லாவற்றையும் பாருங்கள். பேனல் முகத்தில் பச்சையாகப் பாசி படிந்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும். தேய்க்கும் பவுடரோ இரும்பு நாரோ படக் கூடாது. மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீ எரியும் பருவத்தில் சாம்பல் வந்து படியும், அப்போது வாரம் ஒருமுறை துடைக்கலாம்.

செல் ஹோல்டரின் ஸ்பிரிங்குகளில் மழைக்காலம் முடிந்ததும் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொருக்கோ தெரிந்தால், செல்களை எடுத்துவிட்டு, பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள். செல் கசிந்த வெள்ளைப் பொருக்கு காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை முறிக்கும், கையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுத்தத் தண்ணீர் தொட்ட பஞ்சு, அப்புறம் நன்றாகக் காயவிட்டு வாசலினை நகநுனி அளவு தடவுங்கள்.

செல்களின் உடல்நலம் அறிய விடியற்காலையே நல்ல நேரம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மூன்றும் 1.2-ஐ ஒட்டி நெருக்கமாக இருந்தால் கவலையில்லை. இரண்டு 1.2-இலும் ஒன்று 1.0-க்குக் கீழேயும் இருந்தால் அந்த ஒன்று தளர்ந்துவிட்டது. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற இரண்டும் அதற்குள் தலைகீழாக மின்சாரத்தைத் தள்ளும், கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். கழித்த செல்களைக் குப்பைமேட்டிலோ சரிவிலோ வீசாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். நாம் குடிக்கும் ஊற்றுத் தண்ணீர் அந்தச் சரிவு வழியாகத்தான் வருகிறது.

எரியவில்லை என்றால்

பெரும்பாலும் காரணம் செல் ஹோல்டரில்தான் இருக்கும். செல்களை ஒருமுறை சுற்றிவிட்டுப் பாருங்கள், எரிந்தால் ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்தால் போதும். செல்கள் 3.6 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் இருட்டில் எரியவில்லையென்றால் பேனலின் வயரை போர்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். உடனே எரிந்தால் சுற்றில் குறையில்லை, பேனல் மீது ராத்திரி எங்கிருந்தோ வெளிச்சம் விழுகிறது. தெருவிளக்கோ பக்கத்து விடுதியின் அலங்கார விளக்கோ மிக அருகில் இருந்தால் இப்படி நடக்கும், பேனலைத் திருப்பினால் சரியாகும். கழற்றியும் எரியவில்லையென்றால் டிரான்சிஸ்டரையோ எல்.இ.டி.யையோ மாற்ற வேண்டும்.

மாலையில் நன்றாக எரிந்து நள்ளிரவுக்குள் மங்கினால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பகலில் டையோடின் இரு பக்கமும் அளந்து பாருங்கள். பேனல் பக்கம் செல் பக்கத்தைவிடக் கால் வோல்ட் போல மேலே இருக்க வேண்டும். பேனல் பக்கம் வெயிலிலும் செல் பக்கத்தைவிடக் கீழே இருந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஈரத்தில் ஒட்டியிருக்கிறது. வெளி ஜாயின்ட்டை வெட்டி, புதிதாக முறுக்கிப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, அதன் மேல் சிலிக்கான் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.